கால் மேல் கால் போட்ட வைத்தியம்

எனக்கு வந்த வலிக்கு ஒரு மரியாதையான இடம் கிடைக்கவில்லை. தலைவலி என்றால் நாலு பேர் முன்னால் நெற்றியைப் பிடித்துக்கொள்ளலாம். பல்வலி என்றால் கன்னத்தோடு துணியைக் கட்டிக்கொண்டு அனுதாபம் வாங்கலாம். என் வலி இடது பின்பக்கத்தின் நட்டநடுவில் பிறந்து, தொடையின் பின்னால் இறங்கி, கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை போயிற்று. எங்கே வலிக்கிறது என்று யாராவது கேட்டால் கையை வைத்துக் காட்டக்கூட முடியாது. இந்த லட்சணத்தில், அந்த வலியால் எனக்குக் கல்யாணம் நின்று போக இருந்தது.

இது ஐம்பதுகளில் நடந்தது. அப்போது நான் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரம் போகும் ஒரு தனியார் பஸ்ஸுக்கு டிரைவர். வயது இருபத்தேழு. முன்னால் நின்று ஹேண்டிலைப் போட்டு நாலு சுற்றுச் சுற்றினால்தான் அந்த வண்டி கண்ணைத் திறக்கும். கிளச்சை மிதிக்க யானைக்கால் வேண்டும். எனக்கு முன்னால் ஓட்டியவர் தன் காலமெல்லாம் இடது பக்கமாகவே சாய்ந்து உட்கார்ந்திருந்தார் போலிருக்கிறது. டிரைவர் இருக்கையில் அந்தப் பக்கம் மட்டும் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் நான் மூன்று வருஷம் உட்கார்ந்தேன். அவர் தன் இடுப்பு வலியை எனக்கு உயில் எழுதி வைத்துவிட்டுப் போனார் என்றே இன்றும் நினைக்கிறேன்.

பெண் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாள் திருக்கழுக்குன்றத்தில் கழுகு பார்த்துவிட்டுத் திரும்பிய கூட்டத்தை ஏற்றிக்கொண்டு வந்தேன். வழியில் ஒரு மேட்டில் வண்டி மூச்சை நிறுத்திக்கொண்டது. தள்ள வேண்டும். ஆண்கள் எல்லாரும் இறங்கி நின்று, யார் எந்தப் பக்கம் தள்ளுவது, காசு கொடுத்து வந்தவன் ஏன் தள்ள வேண்டும் என்று விவாதம் செய்தார்கள். அம்மாவோடு வந்திருந்த ஒரு பெண் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். "இவங்க பேசி முடிக்கறதுக்குள்ள நாம தள்ளி முடிச்சிடலாம், வாங்க" என்று மற்ற பெண்களைக் கூப்பிட்டாள். தள்ளினார்கள். வண்டி கிளம்பியது. பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். புகை மொத்தமும் முகத்தில் அப்பி, பல் மட்டும் வெள்ளையாகத் தெரிய, அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த மேட்டிலேயே எனக்கு முடிவாகிவிட்டது.

என் கண்டக்டரிடம் சொன்னேன். செங்கல்பட்டு பஜாரில் அத்தர் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை அவன். என் வயதுதான், வாய் மட்டும் பத்து வயது மூத்தது. ஒரே வாரத்தில், பெண்ணின் அப்பா வேர்க்கடலை வியாபாரி என்பது வரை விசாரித்துக்கொண்டு வந்தான்.

"அண்ணாத்த, பொண்ணு வூடு அச்சரப்பாக்கம். அவுங்க நைனா மல்லாட்டை மண்டி வச்சிகினு கீறாரு. நல்ல மன்சன். ஆனா ஒரு பேஜாரு கீது."

"இன்னா?"

"அவுரு முன்னாடி எவனாவது கால் மேல காலு போட்டு குந்தினான்னா அத்தோட அவன் கதை முடிஞ்சிது. இதுவரைக்கும் ரெண்டு மாப்ளைய தொரத்திட்டாரு. ஒருத்தன் காப்பி குடிச்சிகினே கால தூக்கிப் போட்டான். டம்ளர கையிலேர்ந்து புடுங்கிகினு அனுப்பிட்டாராம்."

"நான் எதுக்கு போடப்போறேன்?" என்றேன். சொன்னபோது அது உண்மையாகத்தான் இருந்தது.

"இன்னொண்ணு. கால் நோவுன்னு எவன்கிட்டயும் மூச்சு வுடாத. காலு கெட்ட டிரைவருக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

அதுவும் நியாயம்தான். ஆகவே பெண் பார்க்கப் போவதற்குள் வலியைத் தீர்த்துவிடுவது என்று தீர்மானம் செய்தோம். நொச்சி இலை ஒத்தடம், விளக்கெண்ணெய், சுடுமணல் மூட்டை என்று அம்மா தன் பங்குக்கு என்னைப் பக்குவம் செய்தாள். எண்ணெய் வாசனையில் பஸ்ஸில் முன்வரிசை காலியாகவே வந்தது. பிறகு கண்டக்டர், காலால் பிறந்தவர் ஒருவரைத் திருக்கழுக்குன்றத்தில் கண்டுபிடித்தான். பிறக்கும்போது தலைக்குப் பதில் கால் முதலில் வந்தவர்கள் மூன்று மிதி மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவர் மிட்டாய்க் கடைக்காரர். பிறந்தபோது எந்தக் கோலத்தில் வந்தாரோ தெரியாது, வளர்ந்தபோது அரிசி மூட்டைக் கோலத்தில் வளர்ந்திருந்தார். முதல் மிதியில் இடது வலி அப்படியே இருக்க வலது பக்கமும் ஒன்று வந்தது. இரண்டாவது மிதியில் காலையில் தின்ற நாஸ்தா வந்தது. மூன்றாவது மிதிக்கு நான் அங்கே இல்லை.

கடைசியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு நர்சம்மா. நடுத்தர வயது, கண்டிப்பானவர், என் முனகலை அவர் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. மேசை மேல் மல்லாக்கப் படுக்கவைத்து, காலைத் தூக்கினார், மடக்கினார், பின்பக்கத்தில் ஒரு இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். நான் கத்திய கத்தலில் வெளியே கண்டக்டர் எழுந்து நின்றுவிட்டான்.

"இங்க ஒரு சதை கீது. அதுக்கு அடியில நரம்பு போவுது. சதை இறுக்கிப் புடிச்சிகினு நரம்ப நசுக்குது. மேல எண்ணெய் தடவினா உள்ள இருக்கற சதைக்கு இன்னாய்யா தெரியும்? இழுத்து வுடணும்."

பிறகு சொல்லிக் கொடுத்தார். வலது முழங்காலை மடக்கு. இடது கணுக்காலைத் தூக்கி அதன் மேல் குறுக்கே வை. வலது தொடையை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சுப் பக்கம் இழு. மூச்சை அடக்காதே. முப்பது எண்ணு. நான் இழுத்தேன். வலி குடியிருந்த அந்த இடத்திலேயே ஒரு இழுப்பு இழுத்து, பத்து எண்ணுவதற்குள் மெல்ல விட்டுக்கொடுத்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக என் சுண்டுவிரல் என்னுடையது போலத் தெரிந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வேலை செய்யற எடத்துல படுக்க முடியாது இல்ல? அங்க குந்திகினே செய்யி. நாற்காலில குந்தி, இந்தக் கால தூக்கி அந்தத் தொடை மேல போடு. முதுக வளைக்காம முன்னால சாயி."

"அதாவது, கால் மேல் கால் போட்டு."

"ஆமாய்யா, கால் மேல காலு. ராஜா மாதிரி. அப்புறம் கால நேரா நீட்டி, விரலை மூஞ்சிப் பக்கம் இழுத்து இழுத்து வுடு, அது நரம்புக்கு. ஒரு நாளைக்கு அஞ்சு வேளை, வேளைக்கு மூணு வாட்டி. நிறுத்தினா நோவு திரும்பி வரும்."

வெளியே வந்து கண்டக்டரிடம் சொன்னேன். அவன் ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "அண்ணாத்த, உலகத்துல இத்தினி வைத்தியம் கீது. உனுக்குன்னு பாத்து இத்தையா குடுக்கணும்!"

என்ன செய்வது, அந்த வைத்தியம் கேட்டது. பத்து நாளில் வலி பாதியாகிவிட்டது. மீதிப் பாதி தீருவதற்குள் என் மானம் போனது. வீட்டில் நடுக்கூடத்தில் மல்லாந்து, கால் மேல் கால் போட்டு, தொடையைக் கட்டிப் பிடித்துக் கிடந்தபோது அப்பா உள்ளே வந்தார். எழுந்து நிற்காத மகனைப் பார்த்தார். நான் இருபத்திரண்டு எண்ணியிருந்தேன், நடுவில் விட மனமில்லை. அவர் கையிலிருந்த செம்பு இருபத்து நான்கில் வந்து விழுந்தது.

பஸ் முதலாளி ஒரு நாள் டீசல் விஷயமாகத் திட்டக் கூப்பிட்டார். நின்றால் வலித்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, இடது காலைத் தூக்கித் தொடை மேல் போட்டு, நர்சம்மா சொன்னபடி முன்னால் சாய்ந்தேன். முதலாளி திட்டுவதை நிறுத்திவிட்டு என்னைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்த்தார்.

"காலு திமிரா கீது, தலை பணிவா கீது. இதுல நான் எத்த நம்பறது?" என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை.

மகாபலிபுரத்தில் மட்டும்தான் நிம்மதி. அங்கே வண்டி ஒரு மணி நேரம் நிற்கும். மண்டபத்து நிழலில் கல்லில் உட்கார்ந்து காலைத் தூக்கிப் போட்டுக்கொள்வேன். எதிரே பாறையில் இருக்கிற சாமிகளும் ராஜாக்களும் ஒரு காலை மடக்கி மேலே வைத்துக்கொண்டு சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை யாரும் செம்பால் அடிக்கவில்லை. பெரிய பாறையில் ஒருவர் கையை மேலே தூக்கி ஒற்றைக்காலில் நிற்கிறாரே, அவரைத் தவம் செய்கிறார் என்கிறார்கள். ஐயோ பாவம், அவருக்கும் இடுப்பு நரம்புதான் என்று எனக்கு அப்போது சந்தேகமே இல்லை.

இப்படி ஊரெல்லாம் எனக்குத் திமிர் பிடித்தவன் என்று பெயர் கிளம்பிய நேரத்தில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. திருக்கழுக்குன்றம் ஸ்டாண்டில் வண்டி நின்றபோது, என் இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் இன்ஜின் மூடி மேல் இடது காலை நீட்டி, நரம்புக்கான பயிற்சியைச் செய்துகொண்டிருந்தேன். என் பாதம் எந்தத் திசையில் இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. கண்ணாடிக்கு மேல் முருகன் படம், அதற்குக் கதம்பம், அதற்குக் கீழே என் ஐந்து விரல்கள் போய்ப் போய் வந்துகொண்டிருந்தன.

"அடப்பாவி! சாமிக்கு டாட்டாவா காட்றே, அதுவும் காலால!" என்று முன் இருக்கையிலிருந்த அம்மாள் கத்தினார். வண்டி மொத்தமும் எழுந்து நின்றது. அடி விழும் என்று தெரிந்ததும் நான் குதித்து இறங்கி, வண்டிக்கு முன்னால் ரோட்டில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கி, "முருகா, தெரியாம செஞ்சிட்டேன்" என்று படம் இருந்த பக்கம் அண்ணாந்து பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன். கெண்டைக்காலில் இருந்த வலி தொடைக்கு ஏறியது. தொடையில் இருந்தது இடுப்புக்குப் போய் ஒடுங்கியது. எனக்கு எழுந்திருக்கவே மனமில்லை. அந்த அம்மாளே இறங்கி வந்து, போதும்பா, சாமி மன்னிச்சிடும், எந்திரி என்று கெஞ்சினார்.

நர்சம்மாவிடம் ஓடினேன். "ஆமா, கவுந்து படுத்து நெஞ்சத் தூக்கறது சில பேருக்கு நல்லதுதான். செய்யி. ஆனா மடக்கி இழுக்கறத மட்டும் வுட்டுடாத" என்றார். முதல் பாதி காதில் விழுந்தது. இரண்டாம் பாதியை என் காது வாங்கிக்கொள்ளவில்லை. கால் மேல் கால் போடத் தேவையில்லாத வைத்தியம் கிடைத்துவிட்டது என்று நான் ஆனந்தத்தில் இருந்தேன்.

அன்றிலிருந்து வலி எடுத்தால் யார் காலிலாவது விழுவது என்று வைத்துக்கொண்டேன். சும்மா ரோட்டில் படுத்தால் பைத்தியம் என்பார்கள். யாராவது எதிரில் இருந்தால் அது மரியாதை. முதலாளி காலில் விழுந்தேன். செக்கிங் இன்ஸ்பெக்டர் காலில் விழுந்தேன், அவர் பயந்து போய் எதையும் செக் பண்ணாமல் இறங்கிவிட்டார். பூக்காரம்மா காலில் விழுந்து ஒரு முழம் மல்லி பிரசாதம் போல வாங்கி வந்தேன். அத்தர் கடையில் கண்டக்டரின் அத்தா காலில் விழுந்தபோது மட்டும் அவர் பதறிப் பின்வாங்கினார். "ஏந்திரிப்பா! மன்சன் காலுல மன்சன் வுழலாமா?" என்று தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அங்கே எனக்கு முப்பது எண்ணக் கொடுத்து வைக்கவில்லை.

ஒரே மாதத்தில் என் பெயர் தலைகீழாக மாறியது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பணிவான பிள்ளையா என்று செங்கல்பட்டே பேசியது. பேச்சு மதுராந்தகம் தாண்டி அச்சரப்பாக்கம் போய்ச் சேர்ந்தது. போய்ச் சேரும்படி கண்டக்டர் பார்த்துக்கொண்டான். பெண்ணின் தகப்பனாரே ஆளனுப்பி, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரச் சொன்னார்.

நான், அப்பா, அம்மா, கண்டக்டர் நாலு பேரும் பஸ்ஸில் போனோம். நர்சம்மா சொன்ன மடக்கி இழுக்கும் பயிற்சியை நான் விட்டு அன்றோடு முப்பத்தைந்து நாள். செங்கல்பட்டிலிருந்து அச்சரப்பாக்கம் வரை டிரங்க் ரோட்டில் இருந்த ஒவ்வொரு பள்ளமும் அந்தச் சதையை விசாரித்துவிட்டுப் போனது. மதுராந்தகம் வந்தபோது கால் மரத்துவிட்டது. அச்சரப்பாக்கத்தில் இறங்கியபோது பழைய வலி பாக்கி வைக்காமல் திரும்பி வந்திருந்தது.

அந்த வீட்டில் ஒரே ஒரு நாற்காலி. அதில் பெண்ணின் தகப்பனார் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், இரண்டு பாதமும் தரையில், ஒரு பாதம்கூட இன்னொன்றைத் தொடாமல். எங்களுக்குக் கீழே ஜமக்காளம். சம்மணம் போட்டால் செத்தேன் என்று தெரிந்து, உள்ளே நுழைந்ததும் அவர் காலில் விழுந்தேன். முழங்கையை ஊன்றி முப்பது எண்ணினேன். அவர் முகம் மலர்ந்தது. "கேள்விப்பட்டது நெசம்தான்" என்று மனைவியைப் பார்த்துத் தலையாட்டினார்.

அதன் பிறகு உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்தேன். இரண்டு நிமிஷம் தாங்கினேன். எழுந்து பெண்ணின் அம்மா காலில் விழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். மழை, மல்லாட்டை விலை என்று பேச்சு ஓடியது. பெண்ணின் பெரியம்மா கதவோரம் வந்து நின்றார். அவர் காலையும் நான் விட்டுவைக்கவில்லை. அடுத்து மறுபடியும் தகப்பனார் காலிலேயே விழுந்தேன். இந்தத் தடவை அவர் முகம் மலரவில்லை. கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"வந்ததிலேர்ந்து நாலு வாட்டி வுழுந்துட்டாரே. இன்னா சமாச்சாரம்? ஏதாவது தப்பு கிப்பு பண்ணிட்டு வந்துகினு கீறாரா?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா விழித்தார். "பயக்கம்ங்க, சின்ன வயசுலேர்ந்து" என்று கண்டக்டர் உளறினான்.

அந்த நேரம் பார்த்து இடுப்பிலிருந்து குதிகால் வரை ஒரு இழுப்பு இழுத்தது பாருங்கள், எனக்குக் கண் இருட்டிவிட்டது. எழுந்தேன், கண்ணை மூடிக்கொண்டு, யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்காமல் ஐந்தாவது தடவையாக விழுந்தேன். பெரியம்மா "ஐயையோ" என்றார். கண்ணைத் திறந்தேன். எனக்கு நேரே இரண்டு பாதங்கள், நுனியெல்லாம் மருதாணி, கொலுசு. காப்பித் தட்டோடு பெண் வந்து நின்றிருந்தாள்.

பெண் பார்க்க வந்தவன் பெண்ணின் காலில் விழுந்ததை எங்கள் ஜில்லாவில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. துள்ளி எழுந்து ஓடிவிடலாம் என்று பார்த்தேன். இடுப்பு மாட்டிக்கொண்டது. கையை ஊன்றினால் நெஞ்சு மட்டும் எழுந்தது, கீழ்ப்பாதி ஜமக்காளத்தோடு தங்கிவிட்டது. பாம்பு படம் எடுத்தது போல அவள் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு கிடந்தேன். போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்குள் யாரோ சொன்னார்கள்.

அவள் தட்டைத் தரையில் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, இடது பாதத்தைப் பார்த்தாள். அதன் விரல்கள் தானாக வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன.

"நைனா, இது மரியாதை இல்ல. இவருக்குக் காலு இழுத்துகினு கீது. எந்திரிக்க முடியாம கெடக்கறாரு, பாக்கலயா?"

மண்டிக்காரர் எழுந்து நின்றார். "கால்ல நோவா? டிரைவருக்கா? எத்தினி நாளா?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "மூணு வருஷமாங்க."

"அப்போ இத்தினி வாட்டி வுழுந்தது?"

"வுழுந்தா கொஞ்சம் கொறையும்ங்க."

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை வரை என் வலி வீட்டில் ஏதோ பிடிப்பு என்ற அளவில்தான் தெரியும். அம்மா அழ ஆரம்பித்தாள். நானும் கிட்டத்தட்ட அதே நிலைமையில்தான் இருந்தேன். எனக்கு வலியைவிட அவள் முன்னால் இப்படிக் கிடப்பதுதான் தாங்கவில்லை.

"ஏன் மறைச்சே?" என்றார் மண்டிக்காரர். மரியாதை போய் ஒருமை வந்துவிட்டது.

"சொன்னா பொண்ணு குடுக்கமாட்டீங்களே."

"குடுக்கமாட்டேன்தான்" என்றார் ஒளிவுமறைவில்லாமல்.

"இதுக்கு வைத்தியமே இல்லியா?" என்று பெண் கேட்டாள். அதைக் கேட்டது என்னிடம். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் நேராக மாப்பிள்ளையிடம் பேசுவது அந்தக் காலத்தில் வழக்கமில்லை. ஆனால் அன்று எந்த வழக்கம்தான் பாக்கி இருந்தது?

"கீதுங்க. ஆஸ்பத்திரில சொல்லிக் குடுத்தாங்க. நல்லாவே கேட்டுது. இப்பகூட செஞ்சா எந்திரிச்சிடுவேன். ஆனா இங்க செய்யமாட்டேன்."

"ஏன்?"

"கால் மேல காலு போட்டுக் குந்தணும்ங்க. உங்க நைனா முன்னாடி நான் அத்த செய்யமாட்டேன். பொண்ணு குடுக்காட்டியும் பரவால்ல. என்னை ரோடு வரைக்கும் தூக்கினு போய் வுட்டுடுங்க, அங்க செஞ்சிக்கறேன்."

இதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நடிப்பு என்று கண்டக்டர் பிற்பாடு சொன்னான். அவனுக்கென்ன தெரியும், அவன் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மண்டிக்காரர் மகளைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. பிறகு அவர் என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். அவரும் கண்டக்டரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அந்த ஒரே நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்கள். அவர் எனக்கு எதிரே கீழே ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்.

"போடு" என்றார்.

"வேணாங்க."

"அட, போடுய்யா."

இடது காலை இரண்டு கையாலும் தூக்கி வலது தொடை மேல் வைத்தேன். என் பாதம் அவர் மூக்குக்கு நேரே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு முன்னால் சாய்ந்தேன். "எத்தினி நேரம்?" என்றார். "முப்பது எண்ணணும்ங்க" என்றேன். அவர் எண்ண ஆரம்பித்தார்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

எங்கள் பக்கத்தில் தானியம் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். மண்டியில் பழகிய வாய்க்கு வேறு விதமாக எண்ண வராது. கதவோரத்திலிருந்து பெண் களுக்கென்று சிரித்தாள். மண்டிக்காரர் சிரிக்கவில்லை. மல்லாட்டை அளப்பது போலவே, அவசரமில்லாமல், ஒரு எண்ணுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் தாராளமாக இடம் விட்டு, முப்பது வரை அளந்தார்.

"எப்டி கீது?"

"கொஞ்சம் வுட்டுக்குடுத்திருக்குங்க."

"எத்தினி வாட்டி செய்யணும்?"

"வேளைக்கு மூணு வாட்டிங்க, தெனம் அஞ்சு வேளை."

"அப்ப குந்து. லாபம்..."

மூன்று தடவையும் அவரே எண்ணினார். இரண்டாவது தடவை கண்டக்டரும் கீழே உட்கார்ந்து தன் காலை எடுத்து மேலே போட்டுப் பார்த்தான், அவருடைய ஒரு முறைப்பில் இறக்கிக்கொண்டான். மூன்றாவது முடிந்தபோது காப்பியில் ஆடை படிந்திருந்தது. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து காட்டச் சொன்னார். மாடு வாங்குபவர்போல என் நடையைப் பார்த்தார். நொண்டவில்லை. இழுத்து இழுத்துத்தான் வைத்தேன், ஆனால் நொண்டவில்லை.

"அஞ்சு வேளையும் செய்யறியா, இல்ல நடுவுல வுட்டுடுவியா?"

"செய்யறேங்க."

"நீ செய்யமாட்டே. இவ செய்ய வைப்பா" என்று மகளைக் காட்டினார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "இன்னா பாத்துகினு நிக்கிறீங்கோ? இலைய போடுங்கோ."

சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். காப்பியோடு அனுப்பிவிடுவார்கள். இலை போடு என்றால் பெண் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்தினாள். அப்பா என்னை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். எனக்கு யார் காலிலாவது விழ வேண்டும் போலிருந்தது, பயந்துகொண்டு சும்மா இருந்தேன்.

தரையில் எதிரெதிராக இலை போட்டார்கள். என் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்காரப் பார்த்தேன். முடியவில்லை. வலது காலை மடக்கி, இடது காலை நேராக நீட்டினால்தான் உட்கார வந்தது. நீட்டிய பாதம் எதிர்வரிசையில் மண்டிக்காரர் இலையின் ஓரத்துக்கே போய்விட்டது. சாப்பாட்டு இலைக்கு நேரே காலை நீட்டுவது கால் மேல் கால் போடுவதைவிடப் பெரிய குற்றம். எல்லாரும் பார்த்தார்கள். நான் காலை இழுக்க முயன்றேன்.

மண்டிக்காரர் சோறும் குழம்பும் சிந்தாமல் தன் இலையை இரண்டு கையாலும் பிடித்து, என் காலுக்கு இடம் விட்டு, ஒரு சாண் அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.